37 டிகிரியில் எழுதிய தீர்ப்பு

ஆய்வுக்கூட மேலாண்மைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கையொப்பத்துடன் சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையில் ஒன்பது வரிகள் இருந்தன. ஆறாவது வரி இது: "நிறமி உற்பத்தித் திறனை இழந்த, பயன்பாடற்ற பாக்டீரியா மாதிரிகள் மாத இறுதிக்குள் ஆட்டோகிளேவ் செய்து அகற்றப்பட வேண்டும்." ஆட்டோகிளேவ் செய்வது என்றால் அழுத்த நீராவியில் வைத்துக் கொல்வது. இணைப்பில் 214 குப்பிகளின் பட்டியல். அதில் 131 குப்பிகளுக்கு நேரே "நிறம் இல்லை" அல்லது "உயிர் இல்லை" என்று எழுதியிருக்கிறது.

அந்தக் குப்பிகளைப் பதினேழு ஆண்டுகளாகப் பராமரித்துவரும் தொழில்நுட்ப உதவியாளர் நான். சுற்றறிக்கை வந்த அன்றே ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லை; மூன்றாவதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அந்தக் குறிப்புகளுக்கு அடிப்படையான சோதனை எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடம் வந்த அறிக்கையில் அது ஒரே வரியில் முடிந்துவிட்டது. நான் விடுப்பில் இருந்த நாட்களில், 214 குப்பிகளிலிருந்தும் ஒரு துளி எடுத்து, எல்லாவற்றையும் பாக்டீரியா வளர்க்கும் கூழான ஒரே சாதாரண ஊட்ட அகாரில் கீறி, ஒரே இன்குபேட்டரில் (வெப்பம் மாறாமல் வைக்கும் பெட்டியில்) 37 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை, ஏறக்குறைய 18 மணி நேரம் கழித்து, வெளியே எடுத்துப் பார்த்து நிறம் இருக்கிறதா இல்லையா என்று குறித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். 37 டிகிரி என்பது மனித உடலின் வெப்பம். நோயாளியின் மாதிரியில் நோய்க்கிருமி தேடுகிறவர்களுக்கு அது பழக்கமான எண். மண்ணிலும் குளிர்ந்த ஓடையிலும் தவளையின் தோலிலும் வாழும் உயிர்களுக்கு அந்த எண்ணோடு என்ன உறவு?

விடுப்பு முடிந்து வந்தபோது தட்டுகள் கழிவுக்கூடையில் இருந்தன. அவற்றில் செராஷியா மார்செசென்ஸ் என்று எழுதியிருந்த பன்னிரண்டு தட்டுகளை மட்டும் எடுத்து, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, 28 டிகிரியில் வைத்தேன். (கழிவுக்கூடையிலிருந்து தட்டை எடுப்பது விதிமீறல் என்று தெரியும். விளக்கம் கேட்டால் தருகிறேன்.) முந்தைய நாள் வெளிறிய பால் நிறத்தில், "நிறம் இல்லை" என்ற குறிப்போடு கிடந்த காலனிகள், அதாவது பாக்டீரியாத் திட்டுகள், அவை. மறுநாள் காலை இளஞ்சிவப்பு. அதற்கடுத்த நாள் பன்னிரண்டில் பதினொன்று நல்ல இரத்தச் சிவப்பு. செராஷியா தன் சிவப்பு நிறமியான புரோடிஜியோசினை 25 முதல் 30 டிகிரிக்குள் தாராளமாகச் செய்யும். 37 டிகிரியில் வளரும், ஆனால் நிறத்தை நிறுத்திக்கொள்ளும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இளநிலை மாணவர்களுக்கு, சூழல் மாறினால் ஒரே மரபணு எப்படி வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்று காட்ட நாம் ஆண்டுதோறும் செய்யும் செய்முறைப் பாடம். நம் கூடத்திலேயே, இரண்டு அறை தள்ளி நடக்கிறது.

இந்தப் பாக்டீரியா கண்டறியப்பட்ட கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1819-இல் இத்தாலியின் பாதுவா நகருக்கு அருகே, சமைத்து வைத்த சோளக்களியில் இரத்தம் போலச் சிவப்பு படர்ந்தது. ஊர் மிரண்டது; தெய்வக் குற்றம் என்றார்கள், பேய் என்றார்கள். பார்த்தொலோமியோ பிசியோ என்ற மருந்தாளர் வேறு களியை ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள காற்றில் வைத்து, அதிலும் சிவப்பை வரவைத்துக் காட்டினார். எந்த நிலையில் இது வருகிறது என்று அவர் கேட்டார். நம்மிடம் இன்குபேட்டர் இருக்கிறது, வெப்பத்தை மாற்ற ஒரு பொத்தானும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

செராஷியாவோடு இது முடியவில்லை. பட்டியலில் "உயிர் இல்லை" என்று குறிக்கப்பட்டவற்றுள் எட்டு குப்பிகள் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற பாக்டீரியா. அதற்கு உகந்தது 25 டிகிரி சுற்றுவட்டாரம். 37 டிகிரியில் பெரும்பாலான வகைகள் வளரவே வளராது. மீனைக் கரையில் போட்டுவிட்டு நீந்தத் தெரியவில்லை என்று எழுதுவதற்குச் சமம் இது. எட்டில் ஒரு குப்பியை இந்த வாரம் 25 டிகிரியில் வளர்த்தேன். மூன்றாம் நாள் தட்டு முழுவதும் கரு ஊதா. வளைகம்பியால் தொட்டால் பசைபோல் இழுத்துக்கொண்டு வருகிறது, விட மறுக்கிறது. அந்த ஊதாவின் பெயர் வயோலசீன். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாக்டீரியா அதைச் செய்கிறது. சில சாலமாண்டர்களின் தோலிலும் தவளைகளின் தோலிலும் இந்தப் பாக்டீரியா இயல்பாகவே குடியிருக்கிறது. உலகெங்கும் நீர்நில வாழ்விகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையை அந்த ஊதா தடுக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பாக்டீரியாவை முன்கூட்டியே தோலில் சேர்த்த மலைத்தவளைகள் பூஞ்சைக்குத் தப்பின. சேர்க்காதவற்றில் பெரும்பாலானவை மடிந்தன. எல்லாத் தவளை இனத்திலும் இது பலிக்கவில்லை என்பதும் உண்மை. ஏன் ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பலிக்கவில்லை என்று பார்க்க வேண்டுமானால் வெவ்வேறு இடங்களில் எடுத்த வகைகள் கையில் இருக்க வேண்டும். நம்மிடம் எட்டு இருக்கின்றன. மாத இறுதிவரை இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.

அடுத்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா. 40 குப்பிகள், நாற்பதுக்கும் "நிறம் இல்லை". 18 மணி நேரத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸில் என்ன நிறத்தைப் பார்க்க முடியும்? அது பூஞ்சை போல இழை இழையாக அகாருக்குள் இறங்கி, பிறகு மேலே எழும்பி, வித்துகள் வைக்கும்; நிறம் போன்ற மற்ற வேலைகளில் ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் இறங்கும். ஐந்து நாள், சில சமயம் பத்து நாள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் தட்டு ஒன்றைத் திறந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மூடியை எடுத்ததும் முதல் மழை விழுந்த மண் வாசனை. சாம்பல் நிறக் காலனிகளின் மேல் கடுகளவு நீலத் துளிகள், பனித்துளி போல, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. தட்டைத் திருப்பினால் அடிப்புறம் முழுக்க மை கொட்டியது போல் இருந்தது. அந்த நிறமி ஆக்டினோரோடின். காரத்தில் நீலம், அமிலத்தில் சிவப்பு. தட்டின் மூடியில் ஒரு துளி அம்மோனியா விட்டு மூடினால் சிவப்பாக இருந்த காலனி கண்முன்னே நீலமாகும். லிட்மஸ் தாள் வாங்கித் தர முடியாத நாட்களில் மாணவர்களுக்கு நான் இதைக் காட்டியிருக்கிறேன்.

"ஏற்கெனவே முழுமையாக ஆராயப்பட்ட வகைகள்" என்றும் உங்கள் அறிக்கை சொல்கிறது. இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் மரபணுத் தொகுதி 2002-இல் முழுவதுமாகப் படிக்கப்பட்டபோது, பல பத்தாண்டுகளாக அதோடு பழகியவர்களே வியந்தார்கள். ஏழாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள்; நிறமி, நுண்ணுயிர்க்கொல்லி போன்ற துணைப் பொருட்களைச் செய்யக்கூடிய மரபணுக் கூட்டங்கள் இருபதுக்கும் மேல். அவற்றில் பல, ஆய்வுக்கூடத்தில் அதுவரை யாரும் கண்டிராத பொருட்களுக்கானவை. இவ்வளவு ஆராயப்பட்ட ஒன்றின் கதையே இது. நம் நாற்பதில் முப்பத்தைந்து, மரபணு அளவில் யாரும் தொட்டுப்பார்க்காத மண் வகைகள்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கு மட்டும், அசையாமல் நின்ற திரவ வளர்ப்புக் குழாயைப் பார்த்து "மங்கிய நிறம்" என்று குறித்திருக்கிறார்கள். அதன் நீலப்பச்சை நிறமியான பயோசயனின் ஆக்சிஜன் இல்லாவிட்டால் நிறமிழந்துவிடும். குழாயை ஒரு முறை குலுக்கியிருந்தால் போதும்.

இனி, இந்த மடலை எழுதாமல் இருக்க முடியாது என்று என்னை முடிவுசெய்ய வைத்த குப்பிக்கு வருகிறேன். பட்டியலில் வரிசை எண் 88. குறிப்பு: "வெண்மை. நிறமி இழப்பு உறுதி. அகற்றுக." அந்தக் குப்பியில் இருப்பது குரோமோபாக்டீரியம் வயோலேசியத்தின் சி.வி.026 என்ற வகை. அது வெண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது! பாக்டீரியாக்கள் அக்கம்பக்கத்தில் தம் கூட்டம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறியச் சிறு மூலக்கூறுகளை வெளியிடும். அவை போதிய அளவு சேர்ந்த பிறகுதான் பல வேலைகளைத் தொடங்கும். சி.வி.026 அந்தச் சைகை மூலக்கூறைத் தானாகச் செய்ய முடியாத மாற்றுரு. ஆனால் பக்கத்தில் வேறொரு பாக்டீரியா அதைச் சுரந்தால் உடனே உணர்ந்து ஊதாவாகும். அதாவது அது ஒரு கருவி. சந்தேகப்படும் பாக்டீரியாவை அதன் பக்கத்தில் கீறி வைத்து, ஊதாக் கோடு எழுகிறதா என்று பார்ப்போம். 1997-இல் வெளியான இந்த முறையை உலகின் எத்தனையோ கூடங்கள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. நம் கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்த மூன்று பேர் இதே 88-ஆம் எண் குப்பியை நம்பித்தான் தங்கள் ஆய்வை முடித்தார்கள். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அதை ஆட்டோகிளேவில் போடுவது, மணி அடிக்காதபோது அமைதியாக இருக்கிறது என்று அழைப்புமணியைக் கழற்றி எறிவது போன்றது.

உங்கள் அறிக்கையின் இன்னொரு வாதம் பொருளாதாரம். செயற்கைச் சாயம் மலிவாகக் கிடைக்கும்போது பாக்டீரியா நிறமிக்குச் சந்தை இல்லை என்கிறது. பாதி உண்மை. நானே சொல்கிறேன்: வயோலசீனும் புரோடிஜியோசினும் வெளிச்சத்தில் வெளுக்கும். புரோடிஜியோசின் காரம் பட்டால் நிறம் மாறும். என் வெள்ளை மேலங்கியில் பட்ட சிவப்புக் கறை சோப்பு நீர் பட்டதும் மஞ்சளாகிவிட்டது, இன்றும் அந்த மஞ்சள் போகவில்லை. பயோசயனின் நம் உயிரணுக்களுக்கே நஞ்சு. எதையும் எடுத்து உணவிலோ துணியிலோ கலக்கலாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் மறுபாதியையும் பாருங்கள். சால்மன் மீன் பண்ணைகளில் மீனின் சதைக்கு ஆரஞ்சு நிறம் தரும் அஸ்டாசாந்தினைப் பாராகாக்கஸ் கரோட்டினிஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்துத் தீவனமாக விற்கிறார்கள். ஸ்பைருலினா எனப்படும் நீலப்பச்சைப் பாக்டீரியாவின் நீல நிறத்தை மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் அனுமதித்தது. சந்தை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு.

எது அந்தச் சில என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு அவுரி நீலம் (இண்டிகோ) சாட்சி. 1983-இல், நாஃப்தலீனைச் சிதைக்கும் மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் நுழைத்த ஆய்வாளர்கள் நீலத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். நுழைத்த நொதி, பாக்டீரியாவுக்குள் இயல்பாக உருவாகும் இண்டோலையும் மாற்றத் தொடங்கியது, வளர்ப்பு நீலமானது. அது அசல் இண்டிகோ. பருத்தித் துணிக்கு நீலம் தரும் அதே சாயம். செயற்கை இண்டிகோவை இன்றுவரை அது சந்தையிலிருந்து விரட்டிவிடவில்லை. ஆனால் அனிலினையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு செய்து, பிறகு ஹைட்ரோசல்ஃபைட்டில் கரைத்துத் துணியில் ஏற்றும் இன்றைய முறைக்கு மாற்றுத் தேடுகிறவர்கள் அந்தத் தற்செயலைத் தொட்டுத்தான் இன்றும் மேலே போகிறார்கள். 1983-இல் யாராவது வந்து "இது நாஃப்தலீன் வேலை, நிறம் தேவையில்லை, ஊற்றிவிடு" என்று சொல்லியிருந்தால்?

நிறமி என்றாலே சாயம் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி தன் பெயரிலேயே பொன்னை வைத்திருக்கிறது. அந்தப் பொன்னிறம், நம் வெள்ளணுக்கள் வீசும் ஆக்சிஜன் நஞ்சுகளிலிருந்து அதைக் காக்கும் கவசம். 2008-இல், கொழுப்பைக் குறைக்க உருவாக்கப்பட்ட ஒரு சேர்மத்தைக் கொண்டு அந்த நிறமி உருவாவதைத் தடுத்தபோது, எலிகளின் உடலால் அந்தக் கிருமியை எளிதாக ஒழிக்க முடிந்தது. நிறத்தைச் செய்வது மட்டும் அல்ல, நிறத்தைத் தடுப்பதும் பயன். அதற்கும் பொன்னிற வகையும் வெளிறிய வகையும் இரண்டும் வேண்டும். பட்டியலில் வெளிறிய வகைகள் ஆறும் அகற்றத் தகுந்தவை என்று இருக்கின்றன.

பாதுகாப்பு குறித்து நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. அது நியாயம். செராஷியாவைத் தீங்கற்றது என்று நினைத்து ஒரு காலத்தில் எல்லை மீறி விளையாடினார்கள். 1906-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காலி அவையில் ஓர் ஆய்வாளர் அதை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு நாடக வசனங்களை முழங்கினார்; பேச்சோடு கிருமி எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதைத் தட்டுகளில் விழுந்த சிவப்பை வைத்து எண்ணுவதற்காக. 1950-இல் அமெரிக்கக் கடற்படை சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில் அதைக் காற்றில் தெளித்தது. அதே காலத்தில் அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்குச் செராஷியா தொற்று கண்டது, ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி பின்னால் நீதிமன்றம் வரை போயிற்று. இன்று அது பலவீனமானவர்களைத் தாக்கும் கிருமி என்று எல்லாருக்கும் தெரியும். குரோமோபாக்டீரியமும் அரிதாக, ஆனால் கடுமையாகத் தாக்கும். ஆகவே இவற்றைப் பூட்டிய உறைபெட்டியில், இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் வையுங்கள். மாணவர் கைக்குத் தராதீர்கள். முழு ஆதரவு. பூட்டுவதும் கொல்லுவதும் ஒன்றல்ல.

"தேவைப்பட்டால் மீண்டும் சேகரித்துக்கொள்ளலாம்" என்ற வரிக்கு ஒரே ஒரு பதில். வரிசை எண் 141, நான் வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது. ஆழ்ந்த நீலம். அதை மாதாமாதம் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வைத்ததில், இரண்டு ஆண்டுக்குள் காலனிகளில் வெள்ளை ஆப்புகள் தோன்றின. பிறகு முழுத் தட்டும் வழுக்கை. வித்தும் இல்லை, நீலமும் இல்லை. நல்லவேளை, முதல் தலைமுறையைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்தேன். இன்று அந்த நீலம் இருப்பது அந்த ஒரு குப்பியில் மட்டும். மண் எடுத்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இப்போது மண் இல்லை, சிமெண்ட் தளம் இருக்கிறது.

உறைபெட்டிக்கு இடம் போதவில்லை, மின்செலவு கூடுகிறது என்பவை உண்மையான பிரச்சினைகள். அதற்கு வழி இருக்கிறது. நான் கேட்பவை இவை.

131 குப்பிகளை அழிக்கும் ஆணையை உடனே, எழுத்தில் நிறுத்திவையுங்கள். வரிசை எண் 88-ஐயும் எட்டு ஜாந்தினோபாக்டீரியம் குப்பிகளையும் பட்டியலிலிருந்து இன்றே நீக்குங்கள். அவற்றுக்கு மறுசோதனைகூடத் தேவையில்லை.

மற்றவற்றை அந்தந்த இனத்துக்கு உரிய வெப்பத்திலும் ஊடகத்திலும் நாளிலும் மறுபடி வளர்த்துப் பார்க்க எனக்கு ஆறு வாரம் கொடுங்கள். கூடுதல் ஆள் வேண்டாம். 25 டிகிரியில் ஓர் இன்குபேட்டர், 28 டிகிரியில் ஒன்று, இரண்டும் நம்மிடமே இருக்கின்றன. முடிவுகளைப் படத்தோடு தருகிறேன். அப்போதும் வளராதவற்றை நானே ஆட்டோகிளேவில் வைக்கிறேன்.

எஞ்சியவற்றை உறைநிலையில் உலர்த்திச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைக்க அனுமதியுங்கள். உலர்த்திய குப்பிக்கு மைனஸ் 80 வேண்டாம், சாதாரணக் குளிர்பெட்டி போதும். உங்கள் மின்செலவுக் கவலை பெருமளவு அதிலேயே தீரும். ஒவ்வொன்றிலும் ஒரு படியை அங்கீகாரம் பெற்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையம் ஒன்றில் ஒப்படைக்கக் கடிதம் எழுதுங்கள். நாம் எழுதாமல் அவர்கள் ஏற்க மாட்டார்கள். நான் எழுதினால் செல்லாது.

எங்கே எடுத்தது, எந்த நாள், எந்த ஊடகம் என்ற விவரம் பதினொரு நோட்டுப் புத்தகங்களில் என் கையெழுத்தில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இனி எந்த மாதிரியை அகற்றுவதென்றாலும் அதைப் பராமரிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே அகற்றலாம் என்று விதியில் ஒரு வரி சேருங்கள்.

உறைபெட்டியின் சாவியை வெள்ளிக்கிழமை மாலை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது; அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். 28 டிகிரியில் வைத்த அந்தப் பன்னிரண்டு தட்டுகளும் என் மேசைக்கு அருகே, பாதுகாப்புப் பெட்டியில் இருக்கின்றன; பதினொன்று சிவப்பாகவே இருக்கின்றன. குழு உறுப்பினர் எவரும் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
நிறமிச் சேகரிப்பின் தொழில்நுட்ப உதவியாளர்